விடுமுறைக்கு அறையை உள்வாடகைக்கு விடலாமா?

கேள்வி: ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பீடோங்கில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கிறோம். வாடகை 1,000 ரிங்கிட், என் பங்கு 250. மூன்று மாதம் கிள்ளானுக்குப் போய்விடுவேன். சுங்கை பட்டாணியில் பயிற்சிக்கு வரும் ஒருவர் என் அறையைக் கேட்கிறார். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் கொடுத்தால் பிரச்சினை வருமா?

பதில்: வரும் தம்பி. சொல்லிவிட்டே கொடுங்கள்.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதை மீறினால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். அப்போது மற்ற மூன்று நண்பர்களும் வீட்டை இழப்பார்கள், டெபாசிட்டும் சிக்கலாகும். அதனால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள். புது ஆளோடு ஒரே குளியலறையைப் பகிரப்போவது அவர்கள்தானே.

சம்மதம் வாட்சாப்பில் வந்தாலும் அழிக்காமல் வையுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், அந்த மூன்று மாதத்துக்குப் புதியவர் வீட்டுக்காரரோடு நேரடியாகவே கையெழுத்துப் போடுவதுதான் சிறந்த வழி. உள்வாடகை என்றால் உங்கள் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. அவர் வாடகை தராவிட்டாலும் வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். கதவை உடைத்தாலும் கழிவது உங்கள் டெபாசிட்தான்.

வீட்டுக்காரர் சம்மதித்து, நீங்களே உள்வாடகைக்கு விடுவதாக இருந்தால், அந்தப் புதியவரோடு ஒரு சின்ன ஒப்பந்தம் எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை எண், தொகை, தொடங்கும் நாள், காலி செய்யும் நாள் எல்லாம் இருக்கட்டும். கடைசி நாளில் கவனம் வேண்டும். அவர் போக மறுத்தால் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம். செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் அந்த அலைச்சல் உங்களால் ஆகாது. நீங்கள் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் காலி செய்வதாக எழுதுங்கள். அவருக்கு 18 வயது நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள், நிறையாதவரோடு போடும் ஒப்பந்தம் செல்லாது.

எழுதிய பிறகு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். ஓராண்டுக்குட்பட்ட வாடகை ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட்தான். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த வரிவிலக்கு 2025 முதல் இல்லை. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பின்னால் பணம் வராமல் போனால், 5,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கேட்கலாம். அப்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

தொகையில் பிடிவாதம் வேண்டாம். விடுமுறையில் பீடோங்கில் அறைகள் காலியாகவே கிடக்கும். 200 கிடைத்தாலும் லாபம்தான். பூட்டியே கிடந்தால் செம்பனைத் தோட்ட ஓரத்து ஈரத்தில் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், ஆள் இருந்தால் சன்னலாவது திறக்கும். ஒரு மாத டெபாசிட் மட்டும் கட்டாயம் வாங்குங்கள்.

இந்தக் கணக்கில் சண்டை வருவது பெரும்பாலும் மின்கட்டணத்தால்தான். டிஎன்பி பில் மாத நடுவில் வரும், புதியவர் ஏர்கண்டிஷனை இரவெல்லாம் ஓட விடுவார், கூட இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் சாவி கொடுக்கும் நாளன்று மீட்டர் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அப்புறம் விசிறி, கட்டில், அலமாரிக் கதவு, சுவரில் ஏற்கெனவே உள்ள கறை என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அவரும் நண்பர்களும் உள்ள வாட்சாப் குழுவில் அன்றே போட்டுவிடுங்கள். காலி செய்யும் நாளில் அதே படங்களோடு அறையைச் சுற்றிப் பாருங்கள். ஒன்றும் குறையில்லை என்றால் டெபாசிட்டை அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.