மாடிப்படியோரம் முப்பது பைகள்

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. கூட்டுறவு வங்கியில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் சிறுநீரகங்கள் செயலிழந்து, இரண்டு ஆண்டுகளாக வயிற்றுக் குழாய் வழியாக நாளுக்கு மூன்று முறை வீட்டிலேயே தாமாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சில மாதங்களாக அம்மாவிடம் எரிந்து விழுகிறார். தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறார். ஆனால் பழைய வங்கிக் கணக்குகளைத் துல்லியமாகச் சொல்கிறார். டயாலிசிஸ் நோட்டையும் தவறாமல் எழுதுகிறார். பிடிவாதம் என்கிறாள் என் மனைவி. மையத்தில் ரத்த டயாலிசிஸுக்கு மாற்றிவிடலாமா? போன மாதத்து டயாலிசிஸ் திரவப் பைகளில் முப்பது மிச்சமாகி மாடிப்படியோரம் இடத்தை அடைக்கின்றன. திருப்பிக் கொடுக்க வழி உண்டா? நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம்.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாளுக்கு மூன்று பை என்றால் மாதத்துக்குத் தொண்ணூறு. அதில் முப்பது மிச்சம் என்றால், உங்கள் தந்தை சராசரியாக நாளுக்கு ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டிருக்கிறார். மருத்துவர் எண்ணிக்கையைக் குறைத்ததாகவோ, இடையில் மருத்துவமனையில் சேர்த்திருந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. நோட்டில் மட்டும் எல்லா வரிகளும் நிரம்பியிருக்கின்றன. தினமும் அந்தப் படியில் ஏறி இறங்குகிற நீங்கள், பைகள் அடைத்த இடத்தைப் பார்த்தீர்களே தவிர, அவை ஏன் மிஞ்சின என்று ஒரு முறைகூட அப்பாவிடம் கேட்கவில்லை. இதை எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இத்தகைய கடிதங்கள் எனக்குப் பல வந்துள்ளன. கோபம், பிடிவாதம், வயோதிகம் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, அதிலும் நெடுநாள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதடைந்து சிந்திக்கும் திறன் குறைவது மிகப் பரவலாகக் காணப்படுவது. அதில் பழைய நினைவு பல நேரங்களில் தப்பித்துவிடுகிறது. முதலில் தளர்வது கவனமும், ஒரு காரியத்தை வரிசை தவறாமல் செய்து முடிக்கும் ஆற்றலும்தான். கை கழுவி, முகக்கவசம் அணிந்து, பழைய திரவத்தை வடித்து, இரண்டு லிட்டர் புதிய திரவத்தை நிரப்பி, குழாய் முனையைத் தொடாமல் மூடியிடும் வேலை முழுவதும் அந்த ஆற்றலை நம்பியே நடக்கிறது. ஆகவே, பழைய கணக்கைச் சரியாகச் சொல்கிறார் என்பதை நலத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இன்று என்ன கிழமை என்று கேட்டால்கூட அவர் சரியாகவே சொல்லக்கூடும். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னால் தடுமாறக்கூடும். அந்தப் பயிற்சியும் அடங்கிய, சிந்திக்கும் திறனைச் சோதிக்கும், 30 மதிப்பெண் கொண்ட மாண்ட்ரியல் மதிப்பீட்டைச் (MoCA) செய்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். வடிந்த திரவத்தின் அளவு நாளுக்கு நாள் கொஞ்சமாவது மாறத்தான் செய்யும். பக்கம் பக்கமாக ஒரே எண் இருந்தால், அவை அளந்து எழுதியவையா என்று சந்தேகிக்க வேண்டும். அதைப் பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். செய்துவிட்டதாகவே நம்பி எழுதும் நிலையும் உண்டு. தவறவிட்ட ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் கழிவுகள் ஏறுகின்றன, கழிவு ஏறினால் குழப்பம் கூடுகிறது, குழப்பம் கூடினால் அடுத்த முறையும் தவறுகிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுத மாட்டேன். ரத்தக்குழாய்ப் பழுதால் போனது திரும்புவது அரிது. திரும்பக்கூடிய காரணங்களையாவது உடனே தேட வேண்டும்: போதாத டயாலிசிஸ், ரத்தச்சோகை, சோடியம் குறைவு, தாழ்சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றோடு மாத்திரைகளையும் பாருங்கள். கால் எரிச்சலுக்குத் தரும் காபாபென்டின், பிரிகாபலின், தசைப்பிடிப்புக்குத் தரும் பாக்லோஃபென் ஆகியவை சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டியவை. அது இயங்காதபோது உடலில் தேங்கி மனிதரையே குழப்பிவிடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுச் சிறுநீரக மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மையத்துக்கு மாற்றுவது சில நோயாளிகளுக்குச் சரியான வழி. உங்கள் தந்தைக்கும் அதுவே தேவை என்று மருத்துவர் முடிவு செய்யலாம். ஆனால் வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் என்ற அந்த ஏற்பாட்டில், இயந்திரம் வேகமாக நீரை எடுக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதும் உண்டு. வீட்டுப் பொறுப்பை இறக்கிவைக்கும் வழியாக மட்டும் அதை நினைக்காதீர்கள். பிரான்சில் இத்தகைய முதியவர்களுக்குப் பொதுச் செலவில் செவிலியர் வீட்டுக்கே வந்து பை மாற்றிக் கொடுக்கிறார். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பைகளை வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறது. அவற்றை மாற்றும் கை வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கோபத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் உங்கள் தாயின் மீதும், உங்கள் மனைவியின் மீதும் இதை ஏற்றாதீர்கள். பெற்ற மகன் மாடியில் இருக்கும்போது, நிலை தடுமாறும் தகப்பன் கீழே தனியாகக் குழாயோடு உட்கார்ந்திருப்பது முறையில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பயிற்சி கொடுத்த செவிலியரிடம் இந்த வாரமே போய் நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். மிச்சப் பைகளைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு இப்போது வேண்டாம்; எண்ணி, மருத்துவரிடம் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அதுவரை, இன்று இரவு முதலே ஒவ்வொரு முறையும் அவர் அருகில் உட்காருங்கள். வடிந்த திரவம் கலங்கலாக இருந்தாலோ, வயிறு வலித்தாலோ, உள்ளே கிருமித் தொற்று இருக்கலாம். விடியும்வரை காத்திராமல் அந்தப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திரவத்தை நீங்கள் அளந்து சொல்லுங்கள். நோட்டில் அவரே எழுதட்டும்.