டர்பனிலிருந்து கேப் டவுன் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மகளுக்குப் பொதி அனுப்ப எது நல்ல வழி?

தபாலை நம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனம் 2023இல் திவால் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. பல கிளைகள் மூடப்பட்டன.

மலிவான வழி, பெப் என்ற துணிக்கடைச் சங்கிலியின் பாக்ஸி பொதிச் சேவை. கடையில் அதற்கான பையை வாங்கி, பொருளை வைத்துக் கொடுத்தால் மகள் விடுதிக்கு அருகிலுள்ள கடையில் பெற்றுக்கொள்வார். பொதி சேர்ந்ததும் குறுஞ்செய்தி வரும். ஆகவே முகவரியைவிட மகளின் கைப்பேசி எண்ணை இருமுறை சரிபாருங்கள். பெரிய பெட்டிக்குப் போஸ்ட்நெட் என்ற தனியார் கூரியர் கடை.

சாலை வழி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். முறுக்கு நொறுங்கினாலும் ருசி போகாது (விடுதியில் தூளுக்கும் சண்டை நடக்கும்). மாங்காய் ஊறுகாய் மட்டும் வேண்டாம். எண்ணெய் கசிந்தால் புத்தகம், துணி எல்லாம் பாழ். ஜூன், டிசம்பர் விடுமுறைகளுக்குச் சற்று முன் அனுப்பாதீர்கள்; எடுக்க ஆளிருக்காது.