நிலத்தடி நீர் படித்தால் வேலை கிடைக்குமா?

மேலூர்க்காரர், பி.எஸ்சி. ஜியாலஜி முடித்தவர், நிலத்தடி நீர்த் துறையில் மேற்படிப்பு பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் படியுங்கள்.

நம் வட்டாரம் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் (gneiss) என்ற கடினப் பாறை வகைகள். சிதைந்த மேற்பாறையிலும் அடி வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். அதனால்தான் ஒரு போர்வெல்லில் தண்ணீர் கொட்டும், பக்கத்துத் தோட்டத்தில் புழுதி பறக்கும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நம்பிக் கடன் வாங்கிப் போர் போடுகிறார்களே, அந்த விவசாயிகளை நினைத்தால் மனசு பதறுகிறது.

நான்கு கம்பிகளை வரிசையாக ஊன்றி, வெளிக்கம்பிகளில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளில் மின்னழுத்தத்தை அளந்து நிலத்தடி நீரைத் தேடும் முறையைக் களத்திலேயே பழகுங்கள். எம்.எஸ்சி. ஜியாலஜிக்குத் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி இருக்கிறது. அப்புறம் யு.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த புவி விஞ்ஞானி தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் சேரலாம்.