வீட்டை 3டி-யில் வரையும் மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில் சுவரை நகர்த்தினால் தரையும் ஏன் கூடவே வருகிறது?

குரூப் ஆக்காத, அதாவது தனிப் பொருளாகச் சேர்த்துக் கட்டாத கோடும் முகமும் (கோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பு) தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், ஸ்கெட்ச்அப்பின் குணமே அதுதான். அதனால் தரையை வரைந்ததும் முதல் வேலையாக குரூப் ஆக்கிவிடுங்கள். அப்புறம் அதன்மேல் வெளிச்சுவர். நம்ம சென்னை வீடுகளில் வழக்கமான 9 இன்ச் சுவர் என்றால், செவ்வகம் போட்டு, ஆஃப்செட்டில் (விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் கருவி) உள்பக்கம் இழுத்து 9" என்று டைப் செய்து என்டர் தட்டி, நடுப்பகுதியை அழித்துவிட்டு, புஷ்/புல்லில் (முகத்தை இழுத்து உயரம் கொடுக்கும் கருவி) 10' உயர்த்துங்கள், கண்ணளவில் மவுஸை இழுக்கவே வேண்டாம். அதையும் குரூப் ஆக்குங்கள்.

ஜன்னல் மட்டும் காம்போனன்ட். அப்படி ஆக்கினால், ஒரு நகலைத் திருத்தினால் மற்ற நகல்கள் எல்லாம் மாறும். ஆனால் அது சுவரின் ஒரு முகத்தைத்தான் வெட்டும், உள்பக்க ஓட்டையை நீங்களே போட வேண்டும், எரிச்சலான வேலைதான். சன்ஷேடு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எல்லாம் தனித்தனி குரூப்.