எக்ஸ்போர்ட்டா, லோக்கலா?

கேள்வி: திருப்பூரில் 14 மெஷின் போட்டு பவர்டேபிள் (தையல் யூனிட்) நடத்துகிறேன். பாதி வேலை காதர்பேட்டை மார்க்கெட்டுக்கான லோக்கல் சரக்கு, பாதி எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் ஜாப் ஒர்க். படிப்பை முடித்துவிட்டு வந்த மகன், லோன் வாங்கி இன்னும் 20 மெஷின் போடுவோம், லோக்கலை விட்டுவிடுவோம் என்கிறான். "உலகமே போனுக்குள்ள வந்தாச்சுப்பா" என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த உலகமயம் நமக்கு நல்லதா, கெட்டதா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் மகன் சொல்வது பொய்யில்லை, ஐயா. ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் பையர் சாம்பிளைப் போட்டோவில் பார்த்துத் திருத்தம் சொல்கிறார். அன்று மாலையே இங்கே கட்டிங் மாஸ்டர் பேட்டர்னை மாற்றுகிறார். தைத்த சரக்கு தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறிவிடுகிறது. போனைப் பற்றிப் பேசும் நாம் அந்த இரும்புப் பெட்டியைக் கண்டுகொள்வதே இல்லை. 1956-ல் அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலம் அதன்பின் மெல்ல மறைந்தது, கப்பல் கூலியும் சரிந்தது. எவ்வளவு ஜவுளி ஏற்றுமதி செய்யலாம் என்று நாட்டுக்கு நாடு அளவு வைத்திருந்த கோட்டா முறையும் 2005-ல் போனது. திருப்பூர் வளர்ந்ததில் இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு.

ஆனால் ஆர்டர் வந்த அதே வேகத்தில் அடியும் வரும். 2020 மார்ச்சில் அங்கே கடைகளை மூடினார்கள். இங்கே ஒரு மெயிலில் ஆர்டர் நின்றது. 2025 ஆகஸ்ட்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. இரண்டிலும் உங்கள் டெய்லர் ஒரு தையல்கூடத் தப்பாகப் போடவில்லை. அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும்: பையர் விலையைக் குறைக்கச் சொல்வார், கம்பெனி உங்கள் பீஸ் ரேட்டில் கை வைக்கும், நீங்கள் யாரிடம் போய்க் குறைப்பீர்கள்? பேங்க் தவணையிலா?

நொய்யல் ஆற்றையும் நினைத்துப் பாருங்கள். துணி கப்பலேறிப் போனது. சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயிகளின் தலையில் விடிந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்கு உறைத்தது.

அதனால் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். மகனிடம் வேறு கேள்வி கேளுங்கள். வேலை தரும் கம்பெனியின் சரக்கு எத்தனை நாட்டுக்குப் போகிறது? பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்? மூன்று மாதம் வேலை இல்லையென்றால் தவணையை எதில் கட்டுவது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராமல் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். கைக்காசில் நான்கு மெஷின் கூட்டுவது என்றால் சரி, செய்யுங்கள். லோக்கல் வேலையை மட்டும் விடவே விடாதீர்கள். லாபம் குறைவுதான்; ஆனால் எந்த நாடு வரி போட்டாலும் நம் ஊர்க்காரர் பனியன் போடுவதை நிறுத்தப் போவதில்லை.

மகனின் போன் ஆர்வத்துக்கும் வேலை இருக்கிறது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். பதிவுள்ள சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த வேலை கிடைக்காதே என்று தயங்குவீர்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பில்லும் தேதியும் ஒழுங்காக இருந்தால் கேட்கிற குரலே மாறும். இரண்டு மாதம் அந்தக் கணக்கை மகனே எழுதட்டும், காதர்பேட்டை வசூலையும் சேர்த்து. லோன் பேச்சை அதன்பிறகு எடுக்கலாம்.