இந்தியானா கொலம்பஸ்: வரப்போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

இந்தியானா மாநிலத்தில் இருக்கும் கொலம்பஸுக்குக் குடிவரப்போகும் நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கம்மின்ஸ் டீசல் என்ஜின் கம்பெனி 1919-இல் தொடங்கியதும் இந்த ஊரில்தான், இன்றைக்குத் தலைமையகம் இருப்பதும் இங்கேதான். புனேயில் 1962 முதல் அதற்குத் தொழில் இருப்பதால் அங்கிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் அதிகம். நான் பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவள். ஊர் வாழ்க்கையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, வரி மட்டும் வக்கீலிடமும் ஆடிட்டரிடமும்.

புனேயிலிருந்து ஒரு தம்பி: அக்கா, மார்ச்சில் ஜாயின் பண்ண வேண்டும். கொலம்பஸுக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு டாக்ஸி கிடைக்குமா?

வாங்கிவிடாதீர்கள் தம்பி! டிக்கெட் தளத்தில் கொலம்பஸ் என்று போட்டால் வருவது ஓஹியோ மாநிலத் தலைநகரம். அங்கே இறங்கினால் இங்கு வந்து சேர காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் இறங்க வேண்டியது இண்டியானாபொலிஸ். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம். பார்சல், பேங்க் முகவரி எல்லாவற்றிலும் மாநிலத்தையும் ஜிப் கோடையும் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். இந்த ஊருக்கு 47201, 47203.

சென்னையிலிருந்து: சின்ன ஊர் என்கிறார்கள். எவ்வளவு சின்னது? போரடிக்குமா?

2020 கணக்கெடுப்பில் 50,474 பேர். ராத்திரி ஒன்பதுக்கு மேல் டவுன்டவுனில் நடமாட்டம் குறைந்துவிடும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். பிள்ளையின் டீச்சரைக் காய்கறிக் கடையில் பார்ப்பீர்கள், பல் டாக்டரை நடைபாதையில் பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆகஸ்டில் தோட்டத்துத் தக்காளியை வாசலில் வைத்துவிட்டுப் போவார். இது பிடிக்கிறவர்களுக்குப் போரடிக்காது. கூட்டத்துக்குள் ஆள் தெரியாமல் இருப்பதுதான் நிம்மதி என்பவர்களுக்குக் கஷ்டம்.

கோவையிலிருந்து: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியாது. நகரப் பஸ் இருக்கிறது, பகலில் உதவும். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் அதை நம்பி இருக்க முடியாது. மனைவி கூட வருவதானால் அவரும் முதல் சில மாதங்களுக்குள் லைசென்ஸ் வாங்கட்டும். எழுத்துத் தேர்வுக்கான கையேட்டை பிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகம்) இலவசமாகவே தருகிறது, ஊரில் இருக்கும்போதே படித்து முடித்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்கூல் பஸ் நின்று சிவப்புப் பலகையை நீட்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு விலக்கு.

திருச்சியிலிருந்து: கொஞ்ச நாளைக்கு கார் இல்லாமல்…

மேலே படியுங்கள்.

டெட்ராய்டிலிருந்து ஒருவர்: இரண்டு வருஷ வாடகைக்குப் பிறகு வீடு வாங்கும் எண்ணம். எந்தப் பகுதி நல்லது?

பகுதியின் பெயரைக் கேட்பதற்கு முன் வெள்ள வரைபடத்தைத் திறங்கள். டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் டவுன்டவுன் ஓரத்தில்தான் கூடுகின்றன. அவை தவிர, ஊருக்குள் ஹா கிரீக் என்ற ஓடை. சாதாரண நாளில் அதைப் பார்த்தால் வாய்க்கால் என்று நினைப்பீர்கள். 2008 ஜூன் 7 அன்று ஒரே மழையில் அந்த ஓடை ஊருக்குள் புகுந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் (தரைக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட்) முழுகி, நோயாளிகளை அப்புறப்படுத்தி, பல மாதம் உள்நோயாளிப் பிரிவே இல்லாமல் கிடந்தது. ஆற்றைப் பார்த்துப் பயந்து தள்ளி வாங்கியவர்களின் வீட்டுக்குள் ஓடை வந்தது.

சாதாரண வீட்டு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் சேராது. அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும், எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வரைபடம் இணையத்தில் இலவசம். முகவரியைப் போட்டுப் பாருங்கள், பிறகு அந்தத் தெருவில் நாலு கதவைத் தட்டி 2008-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கீழ்த்தளச் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு கட்டடக்கலை மாணவி: என் கணவருக்கு அங்கே வேலை. ஊரில் நல்ல கட்டடங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். ஒரு நாளில் பார்த்துவிடலாமா?

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். பெரிய நகரங்கள் ஏங்கும் கட்டடங்கள் இந்த ஊரில் பள்ளிக்கூடமாகவும் தீயணைப்பு நிலையமாகவும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலில் 1942-இல் கட்டடக்கலைஞர் எலியல் சாரினன் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் தேவாலயம். 166 அடி உயரத்துக்கு ஒரு நேர்கோட்டுச் செங்கல் கோபுரம். தேவாலயம் என்றால் கூர்முனை என்றிருந்த நாட்டில் அன்றைக்கு அது பெரிய துணிச்சல். அடுத்து அவர் மகன் ஈரோ சாரினன் வந்தார். 1954-இல் அவர் கட்டிய இர்வின் யூனியன் பேங்கில் சுற்றிலும் கண்ணாடிச் சுவர், தட்டைக் கூரைமேல் ஒன்பது குவிமாடங்கள். பேங்க் என்றால் கோட்டைபோல் இருக்க வேண்டும், கம்பிக்குப் பின்னால்தான் குமாஸ்தா உட்கார வேண்டும் என்ற வழக்கத்தை அவர் கலைத்தார். அந்த பேங்கை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர்தான் கம்மின்ஸை வளர்த்த ஜே. இர்வின் மில்லர்.

மில்லர் செய்த ஏற்பாடுதான் ஊரை மாற்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து குழந்தைகள் பெருகிய காலம், அவசரமாகப் பள்ளிகள் வேண்டியிருந்தன. பொதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் தாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுக்கும் என்றார். கட்டுமானச் செலவு ஊருடையது, யாரை எடுப்பது என்ற முடிவும் ஊருடையது. அப்படி முதலில் எழுந்தது 1957-இல் ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப்பள்ளி. 1968-இல் ராபர்ட் வென்டூரி நாலாம் எண் தீயணைப்பு நிலையத்தைக் கட்டினார். கம்மின்ஸ் தலைமையகம் 1983-இல் கெவின் ரோச் கட்டியது. ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டப் படிக்கிற வகுப்பறைக்கு நாட்டிலேயே சிறந்த கையைத் தேடிப் பிடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

ஒரு நாளில் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். ஐ. எம். பெய் 1969-இல் கட்டிய நூலகத்திலிருந்து தொடங்குங்கள். முன்முற்றத்தில் சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவு 1971 முதல் நிற்கிறது. அதன் கால்களுக்கு நடுவே பிள்ளைகள் ஓடுவார்கள், யாரும் தொடாதே என்று சொல்வதில்லை. வெயில் சாயும் நேரத்தில் வெண்கலத்தின் பச்சையும் பின்னால் தெரியும் செங்கல்லும் சேர்ந்து நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள எலியல் கோபுரத்தைப் பாருங்கள். மீதியைப் பிறகு சாவகாசமாகப் பார்க்கலாம், இங்கேதானே இருக்கப் போகிறீர்கள்.

கிரீன்வுட்டில் வசிக்கும் ஒருவர்: மன்னிக்கவும் அக்கா, கட்டடம் பார்க்க யாரும் குடிவருவதில்லை. நானும் கொலம்பஸில்தான் வேலை பார்க்கிறேன். வீடு இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே கிரீன்வுட்டில். 65-ஆம் நெடுஞ்சாலையில் 40 நிமிடம். கோயில், இந்தியக் கடை, தமிழ் நண்பர்கள் எல்லாம் கிட்டத்தில். புதிதாக வருகிறவர்களை அந்தச் சின்ன ஊருக்குள் அடைக்காதீர்கள்.

40 நிமிடம் என்பது ஏப்ரலில், விபத்து இல்லாத நாளில். ஜனவரியில் பாலங்கள்தான் முதலில் உறையும். லாரி ஒன்று குறுக்கே நின்றால் இரண்டு மணி நேரம் வண்டிக்குள்தான். பள்ளியிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் நீங்கள் எப்போது போய்ச் சேருவீர்கள்?

கிரீன்வுட்காரர்: பள்ளிக்கு என் மனைவி போவார். அவருக்குப் பேச்சுத் துணை இருக்கிறது. உங்கள் ஊரில் வேலைக்குப் போக முடியாத விசாவில் வரும் பெண் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்கள் பழகிவிட்டீர்கள், அதனால் தெரியவில்லை.

கொலம்பஸில் வசிக்கும் ஒரு பெண்: நான் அந்த விசாவில்தான் இருக்கிறேன். முதல் குளிர்காலம் கஷ்டமாகத்தான் இருந்தது, அண்ணன் சொல்வது பொய்யில்லை. அப்புறம் நூலகத்தில் கதை நேரத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு ஜப்பானியப் பெண்ணும் புனேக்காரப் பெண்ணும் பழக்கமானார்கள். இப்போது மூன்று வீடும் ஒரு வீடு மாதிரி. ஆனால் இவை எல்லாம் எனக்கு லைசென்ஸ் வந்த பிறகுதான் நடந்தன.

சரி, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். தனிமை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. கணவன் மனைவி இரண்டு பேரில் ஒருவருக்கு இண்டியானாபொலிஸில் வேலை என்றால் கிரீன்வுட் நியாயமான முடிவு. ஆனால் தினமும் வந்து வேலை பார்த்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்புகிறவருக்கு இந்த ஊர் ஒரு பார்க்கிங் லாட்டாக மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதைக் கேட்டு ஊரை எடைபோடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. கோடைச் சனிக்கிழமை காலை டவுன்டவுன் சந்தையில் மக்காச்சோளம் வாங்கி, 1900 முதல் வாஷிங்டன் தெருவில் இருக்கும் ஜஹராகோஸ் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து, அங்கே 1908-இல் செய்யப்பட்ட இசைப்பெட்டி முழு வாத்தியக் குழுவாக ஒலிப்பதைப் பிள்ளையோடு கேட்ட ஒருவர் இங்கே ஒன்றுமில்லை என்று சொல்லட்டும், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கிரீன்வுட்காரர்: ஐஸ்கிரீம் கடைக்கு வருகிறேன் அக்கா. வீடு மாற மாட்டேன்.

வாருங்கள். குடும்பத்தோடு வாருங்கள்.

மதுரையிலிருந்து: கோயில் இருக்கிறதா? கறிவேப்பிலை கொண்டுவரலாமா? இட்லி மாவு பொங்குமா?

பெரிய கோயில் இண்டியானாபொலிஸில். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்கவே கூடாது. எலுமிச்சை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், மறைத்துக் கொண்டுவந்தால் அபராதம். காயவைத்ததும் வேண்டாம், வாதாடிப் பயனில்லை. இங்கே தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் ஜன்னலோரம் வளர்க்கிறோம். மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். ஜனவரியிலும் பொங்கும்.

ஹைதராபாத்திலிருந்து: கொலம்பஸ் ஏர்போர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

முதல் பதிலைப் படியுங்கள். தயவுசெய்து படியுங்கள்.

சேலத்திலிருந்து: திடீரென்று உடம்பு சரியில்லை என்றால்?

காய்ச்சல், வெட்டுக்காயம், காதுவலி என்றால் அர்ஜென்ட் கேர், அதாவது சின்ன உபாதைகளை உடனே பார்க்கும் கிளினிக். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சு குழறுதல் என்றால் 911, யோசிக்கவே வேண்டாம். சாதாரணத் தலைவலிக்கு எமர்ஜென்சிக்குப் போனால் பில் மிரட்டும். வந்த வாரமே உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு குடும்ப டாக்டரிடம் பெயர் பதிந்துவிடுங்கள். புது நோயாளிக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும்.

ஃபிளாட்ராக் ஆற்றோரம் ஒரு வீடு பார்த்திருப்பவர்: விலை ரொம்பக் குறைவு…

ஏன் குறைவு என்று வெள்ள வரைபடம் சொல்லும். வாங்காதீர்கள்.

கோவையிலிருந்து மறுபடியும்: புயல் சைரன் பற்றிச் சொன்னார்கள். அம்மா அப்பாவும் வந்து தங்கப்போகிறார்கள், பயமாக இருக்கிறது.

சைரன் கேட்டால் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கக் கூடாது. கீழ்த்தளம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத குளியலறை அல்லது அலமாரி அறை. செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கண்ணாடி உடைந்தால் வெறுங்காலோடு நடக்க முடியாது. போன், அப்பாவின் மருந்து டப்பா கையில் இருக்கட்டும். சோதனைக்காகவும் ஊதுவார்கள், எந்த நாள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது அவர்கள் பதறிப்போவார்கள்.

அவர்களை மே கடைசியில் வரவழைத்து அக்டோபருக்குள் அனுப்பிவையுங்கள். ஜூனில் ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு மில் ரேஸ் பூங்காவில் நடக்கலாம். இப்போதே ஒரு நல்ல விசிட்டர் இன்சூரன்ஸ் பாருங்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எதுவரை தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.