வாசக்டமி மறுஇணைப்புக்குப் பிறகு: வீக்கம் முதல் விந்தணு வரை

கேள்வி: வாசக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவையில் வெட்டிய விந்துக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் முடிந்து மூன்று நாள். விதைப்பை முழுக்கக் கறுநீலமாகி, ஆணுறுப்பின் அடிவரை பரவியிருக்கிறது. ஆபத்தா?

நிறம் மட்டும் மாறியிருந்தால் ஆபத்தில்லை. தோலுக்கடியில் கசிந்த ரத்தம்தான் அப்படித் தெரிகிறது. மஞ்சளாகி, இரண்டு வார வாக்கில் மறையும். முதல் 48 மணி நேரம் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி 20 நிமிடம் வையுங்கள், 20 நிமிடம் எடுங்கள். வெறும் தோலில் வைத்தால் புண்ணாகும். கவனிக்க வேண்டியது வீக்கத்தின் அளவை. ஒரு பக்கம் சில மணி நேரத்தில் இறுகிப் பெருத்துக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. அதற்கும், 101 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், சீழ், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பாருங்கள். வலிக்கு ஆஸ்பிரினை நீங்களாகப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

கேள்வி: பத்தாம் நாளே வலி போய்விட்டது. உடலுறவு கொள்ளலாமா?

கூடாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஆறியது வெளித்தையல். உள்ளே இணைத்த குழாயின் துளை சுமார் அரை மில்லிமீட்டர். அதைப் பிடித்திருப்பது முடியைவிட மெல்லிய நூல். விந்து வெளியேறும்போது குழாய் வலுவாகச் சுருங்கும். இணைப்பு விட்டுப்போனால் விந்தணு கசிந்து சிறு கட்டியாகும், தழும்பு துளையை அடைக்கும். மூன்று, நான்கு வாரம் உடலுறவும் சுயஇன்பமும் வேண்டாம். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 5 கிலோவுக்கு மேல் தூக்குவது, ஓட்டம், சைக்கிள் ஆகியவையும் அதுவரை வேண்டாம். விதைப்பை தொங்கி இழுக்காமலிருக்க சப்போர்ட்டரை இரவிலும் போடுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம்.

கேள்வி: முதல் தடவை விந்தில் ரத்தம் கலந்து வந்தது.

தொடக்கத்தில் சில தடவை அப்படி வரலாம். தொடர்ந்து வந்தால் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகியும் விந்தணு பூஜ்யம். தோல்விதானா?

இப்போதே சொல்ல முடியாது. உங்களுக்கு எந்த இணைப்புச் செய்தார்கள் என்று கேளுங்கள். குழாயோடு குழாயைச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் விந்தணு வரும். விந்தகத்தின் மேலுள்ள சுருள்குழாயான எபிடிடிமிஸோடு சேர்த்திருந்தால் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். வந்த விந்தணு பின்னால் தழும்பால் நின்றுபோவதும் உண்டு. அதனால் முதலில் தென்பட்டவுடன் உறையவைத்துச் சேமிப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

வாசக்டமி செய்து எத்தனை ஆண்டு என்பதும் முக்கியம். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டுக்குள் மறுஇணைப்புச் செய்தவர்களில் 97 சதவீதம் பேருக்கு விந்தணு திரும்பியது, 76 சதவீதம் பேரின் மனைவியர் கருவுற்றனர். 15 ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அந்த அளவுகள் முறையே 71, 30 சதவீதம். விந்தணு வந்தும் கரு நிற்காததற்கு அதன் நீந்தும் திறன், விந்தணுவுக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருள், மனைவியின் வயது எல்லாம் காரணமாகலாம். மனைவிக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆண்மை குறையுமா?

குறையாது. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கலப்பது. விந்துக்குழாய் வழியே போவதில்லை. அரிதாக ரத்தநாளம் அடிபட்டு விந்தகம் சுருங்கலாம். ஒரு பக்கம் வரவரச் சிறுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.